மணிலாவின் சாந்தியாகோ கோட்டை: பார்க்கச் செல்வோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சாந்தியாகோ கோட்டை எங்கே இருக்கிறது? அது கோட்டையா, பூங்காவா?

பிலிப்பைன்ஸ் தலைநகர் மணிலாவில், பாசிக் ஆறு விரிகுடாவில் கலக்கும் முகத்துவாரத்தின் தென்கரையில் இருக்கிறது. ஸ்பானியர் எழுப்பிய இன்ட்ராமுரோஸ் என்ற மதில்நகரத்தின் வடமேற்கு மூலை இதுதான். 'இன்ட்ராமுரோஸ்' என்றால் 'மதில்களுக்குள்' என்று பொருள். சுமார் 64 ஹெக்டேர் பரப்புள்ள அந்த நகரத்துக்குள்தான் முந்நூறு ஆண்டுகளுக்கும் மேலாக ஆட்சி, திருச்சபை, வணிகம் ஆகிய அனைத்தும் நடந்தன. ஒரு காலத்தில் கடலலை கோட்டையருகே வந்து மோதிற்று. அமெரிக்கர் காலத்தில் துறைமுகத்துக்காகக் கடலைத் தூர்த்து நிலமாக்கியதால் கடல் இன்று தள்ளிப் போய்விட்டது. ஆறு மட்டும் பழைய இடத்திலேயே ஓடுகிறது.

கோட்டை என்றும் பூங்கா என்றும் இரண்டு விதமாகவும் சொல்லலாம். வெளிமுற்றமான பிளாசா மோரியோனெசில் புல்வெளியும் நிழல்மரங்களும் இருக்கின்றன; குடும்பத்தோடு வருபவர்களும் பள்ளிப் பிள்ளைகளும் அங்கே அமர்ந்திருப்பார்கள். அகழியைத் தாண்டி வாயிலுக்குள் நுழைந்ததும் சிறைகளும் ஒரு பெருங்கல்லறையும் தொடங்குகின்றன. இந்த இரண்டும் ஒரே வளாகத்துக்குள் இருப்பதை முன்கூட்டியே தெரிந்துகொண்டு போவது நல்லது. இல்லாவிட்டால், வெளியே படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடும் பலரில் நாமும் ஒருவராகிவிடுவோம்.

இந்தக் கோட்டைக்கு ஏன் இந்தப் பெயர்?

'சாந்தியாகோ' என்பது இயேசுவின் சீடர்களில் ஒருவரான பெரிய யாக்கோபின் ஸ்பானியப் பெயர். அவர் ஸ்பெயின் நாட்டின் பாதுகாவலர். நமக்கு இது அந்நியமான பெயரன்று. நம் கடற்கரைக் கத்தோலிக்க ஊர்களில் 'சந்தியாகப்பர்' என்று வணங்கப்படுபவர் இதே புனிதர்தான். தங்கச்சிமடத்துச் சந்தியாகப்பர் ஆலயத்தை அறிந்தவர்களுக்கு இது உடனே விளங்கும். கோட்டை வாயிலின் மேலே குதிரையில் வாளோடு பாயும் அவருடைய உருவம் புடைப்புச் சிற்பமாக இருக்கிறது. குதிரையின் காலடியில் கிடப்பவர்கள் மூர்கள், அதாவது ஸ்பெயினை முன்பு ஆண்ட முஸ்லிம்கள். மணிலாவில் ஸ்பானியர் வீழ்த்திய தலைவர் சுலைமானும் முஸ்லிம் என்பதை நினைத்துக்கொண்டு அந்தச் சிற்பத்தைப் பார்த்தால், அதை அங்கே வைத்தவர்கள் உள்ளூர் மக்களுக்கு என்ன சொல்ல நினைத்தார்கள் என்பது புரியும்.

யார் கட்டினார்கள்? அதற்கு முன் அங்கே என்ன இருந்தது?

அங்கே முன்பு இருந்ததும் ஒரு கோட்டைதான். மரத்தடிகளை நட்டு மண் கொட்டி அமைத்த அரணுக்குள்ளிருந்து ராஜா சுலைமான் மைனிலாவை (மணிலாவின் பழைய பெயர்) ஆண்டார். 1570இல் மார்ட்டின் டி கொய்த்தி என்ற ஸ்பானியத் தளபதி வந்தபோது நடந்த மோதலில் அது எரிந்து அழிந்தது. அடுத்த ஆண்டு, 1571 ஜூன் 24 அன்று, மிகெல் லோப்பெஸ் டி லெகாஸ்பி அதே இடத்தில் ஸ்பானிய மணிலாவை நிறுவினார்.

ஸ்பானியர் முதலில் கட்டியதும் மரக்கோட்டைதான். 1574இல் சீனக் கடற்கொள்ளைத் தலைவன் லிமாஹோங் நடத்திய தாக்குதலில் அது பெரும் சேதமடைந்தது. 1583இல் ஆளுநர் ரொங்கில்யோவின் இறுதிச் சடங்கில் ஏற்றிய மெழுகுவர்த்தியிலிருந்து பரவிய தீ, நகரத்தையே சாம்பலாக்கியது. இனிக் கல்லால்தான் கட்ட வேண்டும் என்ற எண்ணம் அதன்பிறகுதான் உறுதிப்பட்டது. கோமெஸ் பெரெஸ் தாஸ்மரீஞாஸ் ஆளுநராக இருந்த 1590 முதல் 1593 வரையிலான ஆண்டுகளில் கற்கோட்டை எழும்பியது. கட்டிமுடித்த அதே 1593இல் மலுக்குத் தீவுகளை நோக்கிப் படையோடு கிளம்பிய அவரை, அவருடைய கப்பலில் துடுப்பு வலித்த சீனர்களே கலகம் செய்து கொன்றார்கள்.

கல்லைத் தொட்டுப் பாருங்கள். கருங்கல்லைப் போல வழவழப்பாக இராது. எரிமலைச் சாம்பல் இறுகி உண்டான, சிறு துளைகள் நிறைந்த சாம்பல்நிறக் கல் அது. பாசிக் ஆற்றங்கரையில் குவாதலூப்பே பகுதியில் வெட்டப்பட்டது. அங்கே இதை 'அடோபி' என்கிறார்கள். வெட்டுவதற்கு எளிது, ஆனால் மழையிலும் ஈரத்திலும் அரிக்கப்படும். மதிலின் இடுக்குகளில் சிறு பெரணிகள் வேர்விட்டு நிற்பதற்கு இந்த இளகிய தன்மைதான் காரணம். மதில் சுமார் 6.7 மீட்டர் உயரமும் 2.4 மீட்டர் கனமும் உடையது.

நாம் இப்போது பார்ப்பது பழைய கோட்டையேதானா?

ஓரளவுக்குத்தான். 1645ஆம் ஆண்டு நிலநடுக்கத்தில் சிதைந்ததைப் பின்னர் பழுதுபார்த்தார்கள். 1880ஆம் ஆண்டு நிலநடுக்கம் முகப்பைப் பாதித்தது. ஆனால் எல்லாவற்றிலும் பெரிய அழிவு 1945 பிப்ரவரியில் வந்தது. ஜப்பானியப் படை மதில்நகருக்குள் ஒதுங்கிக்கொண்டு இறுதிவரை போரிட, அமெரிக்கப் பீரங்கிகள் மதில்களைத் தகர்த்து உள்ளே நுழைந்தன. பிப்ரவரி 3 முதல் மார்ச் 3 வரை நடந்த அந்த மணிலாப் போரில் ஏறத்தாழ ஒரு லட்சம் பொதுமக்கள் உயிரிழந்தார்கள். அவர்களில் ஜப்பானியப் படையினரால் வேண்டுமென்றே கொல்லப்பட்டவர்களும் உண்டு, குண்டுவீச்சில் மடிந்தவர்களும் உண்டு. மதில்நகரின் தேவாலயங்களில் சான் அகுஸ்தீன் ஒன்றுதான் நிலைத்து நின்றது.

ஆகவே இன்று படங்களில் அழகாகத் தெரியும் வாயில், இடிபாடுகளிலிருந்து மீட்டெடுத்துத் திரும்பக் கட்டியது. போருக்குப் பின் கோட்டை 'விடுதலைத் திருத்தலம்' என அறிவிக்கப்பட்டு, சீரமைப்புப் பணி 1950களில் தொடங்கியது. 1979இல் அரசு ஏற்படுத்திய இன்ட்ராமுரோஸ் நிர்வாகம்தான் இன்று இதைப் பேணுகிறது. சில கட்டடங்களைக் கூரையில்லாமல் இடிந்தபடியே விட்டிருக்கிறார்கள். அந்த முடிவு சரியானது என்றே நான் கருதுகிறேன். எல்லாவற்றையும் புதிதாக்கியிருந்தால் 1945இல் நடந்தது கண்ணுக்குத் தெரியாமல் மறைந்துபோயிருக்கும். அப்படி விடப்பட்ட படைக்குடியிருப்பு ஒன்றின் சுவர்களுக்கு நடுவேதான், 1967இல் தொடங்கிய பேட்டா என்ற நாடகக் குழு தன் திறந்தவெளி அரங்கை அமைத்தது. அதற்கு ராஜா சுலைமானின் பெயரையே சூட்டினார்கள்.

ஹோசே ரிசால் யார்? கோட்டைக்குள் எங்கு பார்த்தாலும் அவர் பெயர் ஏன் இருக்கிறது?

ரிசால் பிலிப்பைன்ஸ் மக்களின் தேசிய நாயகர். 1861இல் பிறந்தவர், கண் மருத்துவர், ஸ்பானிய ஆட்சியின் கொடுமைகளையும் துறவிகளின் ஆதிக்கத்தையும் காட்டும் இரண்டு நாவல்களை எழுதியவர். ஆயுதப் புரட்சியை அவர் நடத்தவில்லை. ஆனால் 1896 ஆகஸ்டில் புரட்சி வெடித்தபோது அதைத் தூண்டியவர் என்று குற்றம் சாட்டப்பட்டார். அந்த ஆண்டு நவம்பர் 3 முதல் டிசம்பர் 30 அன்று சுட்டுக் கொல்லப்படும்வரை அவர் இந்தக் கோட்டையில்தான் சிறையிருந்தார். 1892இலும், மின்தனாவோ தீவிலுள்ள தாப்பித்தானுக்கு நாடுகடத்தப்படுவதற்கு முன் சில நாட்கள், இங்கேயே அடைத்துவைக்கப்பட்டிருந்தார்.

அவரை வைத்திருந்த கட்டடம் இன்று ரிசால் நினைவகமாக உள்ளது. அதில் அவசியம் நின்று கவனிக்க வேண்டியவை இரண்டு. ஒன்று, அவருடைய கடைசிக் கவிதை. ஐந்தைந்து அடிகளாகப் பதினான்கு கண்ணிகள் கொண்ட அந்த ஸ்பானியக் கவிதைக்கு அவர் தலைப்பு எழுதவில்லை, பெயரும் எழுதவில்லை. தாளைச் சிறிதாக மடித்துச் சாராய அடுப்பு ஒன்றுக்குள் மறைத்துவைத்தார். கடைசியாகப் பார்க்க வந்த தங்கை திரினிதாதிடம் அந்த அடுப்பைத் தரச்சொல்லிவிட்டு, காவலர்களுக்குப் புரியக் கூடாது என்பதற்காக, 'உள்ளே ஒன்று இருக்கிறது' என்று ஆங்கிலத்தில் சொன்னார். நாடு பின்னர் மனப்பாடம் செய்த கவிதை இப்படித்தான் வெளியே வந்தது.

மற்றொன்று, கண்ணாடிப் பேழையில் இருக்கும் ஒரு முதுகெலும்புத் துண்டு. கொல்லப்பட்டதும் அவருடைய உடலைக் குடும்பத்தாரிடம் கொடுக்காமல், பாக்கோ கல்லறைத் தோட்டத்தில் அடையாளமின்றிப் புதைத்தார்கள். அக்கா நார்சிசா தேடி அலைந்து இடத்தைக் கண்டுபிடித்து அடையாளம் வைக்கச் செய்தார். ஸ்பானியர் மணிலாவை இழந்த பிறகு, 1898 ஆகஸ்டில், எலும்புகளைத் தோண்டி எடுத்தார்கள். 1912இல் அவை ரிசால் பூங்காவிலுள்ள நினைவுச்சின்னத்தின் அடியில் வைக்கப்பட்டன. தோட்டா பட்ட அந்த ஒரு துண்டு மட்டும் தனியே இங்கே காக்கப்படுகிறது. மருத்துவமனைக் காட்சிப் பொருள் போலச் சிறியதாக இருக்கும் அதைப் பலர் கவனிக்காமலே கடந்துவிடுகிறார்கள்.

தரையில் பதித்திருக்கும் வெண்கலக் காலடிகள் எதைக் குறிக்கின்றன?

1896 டிசம்பர் 30 காலையில் ரிசால் தம் சிறையறையிலிருந்து கொலைக்களத்துக்கு நடந்த நடையைக் குறிக்கின்றன. சிறைக் கட்டடத்தில் தொடங்கி, உள்முற்றமான பிளாசா தே ஆர்மாசைக் கடந்து, வாயில் வழியாக வெளியே போகின்றன. கைகள் முழங்கையருகே பின்னால் கட்டப்பட்டிருக்க, கறுப்பு உடையும் தொப்பியும் அணிந்து அவர் நடந்தார். பகும்பாயன் திடலில் காலை ஏழு மணி அளவில் அவரைச் சுட்டவர்கள், ஸ்பானியப் படையிலிருந்த பிலிப்பினோ வீரர்களே. அவர்கள் தயங்கினால் சுடுவதற்கு ஸ்பானிய வீரர்கள் பின்னால் நிறுத்தப்பட்டிருந்தார்கள். அவருக்கு அப்போது வயது 35.

காலடிகள் அளவாக, அடக்கமான இடைவெளியோடு இருக்கின்றன. அவர் உயரத்தில் சிறியவர். வெயில் ஏறிய பிறகு வெண்கலம் சூடேறிப் பளபளக்கும். பிள்ளைகள் அவற்றின்மேல் கால்வைத்து அடிகளை எண்ணிக்கொண்டு போவதைப் பார்க்கலாம், அதில் தவறில்லை. ஆனால் எதிர்த்திசையில், அதாவது வாயிலிலிருந்து உள்ளே, நடந்து முடித்துவிடாதீர்கள். நேராக உள்ளே போய் நினைவகத்தைப் பார்த்துவிட்டு, திரும்பும்போது அவரோடு வெளியே வருவதுதான் முறை.

நிலவறைகளுக்குள் போகலாமா? வெண்சிலுவை எதற்கு?

போகலாம். ஆற்றைப் பார்த்தபடி நிற்கும் சாந்தா பார்பரா கொத்தளத்தின் அடியில் அவை இருக்கின்றன. முதலில் வெடிமருந்தும் தளவாடமும் வைப்பதற்காகக் கட்டிய கிடங்குகள் அவை. ஆற்றோரத்து ஈரத்தில் மருந்து நமத்துப்போனதால் பின்னர் சிறைகளாக்கினார்கள். வெடிமருந்துக்கு ஆகாத இடத்தை மனிதர்களுக்கு ஒதுக்கினார்கள் என்பது மனத்தைவிட்டு அகலாத செய்தி. வாசல் தாழ்வானது, குனிந்துதான் நுழைய வேண்டும். உள்ளே காற்று அசையாது.

1942 ஜனவரி முதல் ஜப்பானிய இராணுவக் காவற்படையான கெம்பெய்தாய் இந்தக் கோட்டையைச் சித்திரவதைக் கூடமாகப் பயன்படுத்தியது. 1945 பிப்ரவரியில் அமெரிக்கப் படை கோட்டையைப் பிடித்தபோது, ஒரு நிலவறைக்குள் சுமார் 600 பேரின் உடல்கள் கிடைத்தன. பிலிப்பினோக்களும் அமெரிக்கர்களும் பூட்டிய அறைக்குள் பட்டினியாலும் மூச்சுத்திணறலாலும் இறந்திருந்தார்கள். யார் யார் என்று அடையாளம் காண இயலாமல் அனைவரையும் அருகிலேயே ஒன்றாக அடக்கம் செய்தார்கள். அந்த இடத்தில்தான் வெண்சிலுவை நிற்கிறது. அதில் ஒரு பெயர்கூட இல்லை. சிலுவைக்கு முன்னால் சிரித்துக்கொண்டு தற்படம் எடுப்பவர்களைப் பார்க்க நேர்ந்தால் மனம் வலிக்கும். தயவுசெய்து அதை மட்டும் தவிர்த்துவிடுங்கள்.

நெஞ்சடைப்பு, ஆஸ்துமா, அடைபட்ட இடங்களைக் கண்டு அச்சம் ஆகியவை உள்ளவர்கள் நிலவறைக்குள் இறங்க வேண்டாம். வெளியே கொத்தளத்தின் மேலிருந்து ஆற்றைப் பார்த்தாலே போதும்.

சென்னைக்கும் இந்தக் கோட்டைக்கும் தொடர்பு உண்டு என்கிறார்களே, உண்மையா?

உண்மை. மணிலாவைக் கைப்பற்றிய ஆங்கிலப் படை புறப்பட்ட இடம் சென்னை. ஏழாண்டுப் போரில் ஸ்பெயின் பிரான்சோடு சேர்ந்ததும், வில்லியம் டிரேப்பர் தலைமையில் தரைப்படையும் சாமுவேல் கார்னிஷ் தலைமையில் கப்பற்படையும் சென்னையில் திரண்டன. 1758–59இல் பிரெஞ்சுத் தளபதி லாலி புனித ஜார்ஜ் கோட்டையை முற்றுகையிட்டபோது உள்ளிருந்து காத்தவர்களில் டிரேப்பரும் ஒருவர். கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைச் சிப்பாய்களையும் ஏற்றிக்கொண்டு 1762 ஜூலை இறுதியிலும் ஆகஸ்டு தொடக்கத்திலும் கப்பல்கள் கிளம்பின. செப்டம்பர் இறுதியில் மணிலா விரிகுடாவை அடைந்தன. போர் மூண்ட செய்தியே அதுவரை மணிலாவுக்கு எட்டியிருக்கவில்லை. அக்டோபர் 6 அன்று சான் தியேகோ கொத்தளத்தருகே உடைத்த மதில் வழியாகப் படை உள்ளே பாய்ந்தது. பொறுப்பு ஆளுநராக இருந்த பேராயர் மானுவேல் ரோஹோ இந்தச் சாந்தியாகோ கோட்டைக்குள் ஒதுங்கி, பிறகு சரணடைந்தார். நகரத்தைக் கொள்ளையிடாமல் விடுவதற்கு நாற்பது லட்சம் பெசோ கேட்கப்பட்டது.

ஆட்சியை ஏற்றவரும் சென்னைக்காரரே: புனித ஜார்ஜ் கோட்டைக் கம்பெனி அலுவலர் டாசன் டிரேக். ஆனால் சீமோன் தே ஆன்டா என்ற ஸ்பானிய அதிகாரி பம்பாங்கா பகுதியிலிருந்து எதிர்த்துப் போரிட்டதால், மணிலாவையும் அதன் சுற்றுப்புறத்தையும் தாண்டி ஆங்கிலேயர் ஆள முடியவில்லை. சமாதான உடன்படிக்கையின்படி 1764இல் நகரத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். சிப்பாய்களில் சிலர் திரும்பவில்லை. மணிலாவுக்குக் கிழக்கே காயின்டா என்ற ஊரில் தங்கி, அங்கேயே மணம் முடித்துக்கொண்டார்கள்; தம் மூதாதையர் இந்தியச் சிப்பாய்கள் என்று சொல்லும் குடும்பங்கள் அங்கே இன்றும் உண்டு.

படையெடுப்புக்கு முன்பே வணிகம் இருந்தது. ஆங்கிலக் கப்பல்களை ஸ்பானியர் மணிலாவில் அனுமதிக்காததால், சோழமண்டலக் கரையின் துணிகள் ஆர்மீனியர், முஸ்லிம்கள் போன்றோர் பெயரில் போயின. சைதாப்பேட்டையில் மர்மலாங் பாலத்தைக் கட்டுவித்த ஆர்மீனிய வணிகர் கோஜா பெட்ரஸ் உஸ்கான், மணிலா வணிகத்தில் பொருள் ஈட்டியவர். விழுப்புரம், கடலூர்ப் பக்கத்தில் நிலக்கடலையை 'மணிலாக்கொட்டை' என்றும், பேச்சில் 'மல்லாட்டை' என்றும் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். அந்தச் சொல்லில் இருப்பதும் இந்த ஊர்தான்.

எப்போது போவது? எவ்வளவு நேரம் தேவைப்படும்?

டிசம்பர் முதல் பிப்ரவரி வரை மிகவும் ஏற்றது. மார்ச் முதல் மே வரை வெயில் கடுமை; ஜூன் முதல் அக்டோபர் வரை மழையும் புயலும். எந்த மாதமானாலும் திறந்தவுடன் போய்விடுவது நல்லது, ஏனெனில் உள்முற்றத்தில் நிழல் குறைவு. டிசம்பர் 30 அங்கே ரிசால் நாள், பொது விடுமுறை. கூட்டம் மிகுதியாக இருக்கும்.

ஓடி ஓடிப் பார்த்தால் ஒரு மணி நேரத்தில் முடித்துவிடலாம். நினைவகத்தில் இருப்பதைப் படித்துப் பார்க்க நினைப்பவர்கள் மூன்று மணி நேரமாவது ஒதுக்க வேண்டும்.

எப்படிப் போவது? கட்டணம் உண்டா?

எல்ஆர்டி என்ற நகர ரயிலின் முதல் தடத்தில் சென்ட்ரல் டெர்மினல் நிலையத்தில் இறங்கி, மதில்நகருக்குள் சுமார் இருபது நிமிடம் நடந்தால் கோட்டை வந்துவிடும். பாசிக் ஆற்றுப் படகுக்கும் மதில்நகரருகே ஒரு துறை உண்டு. நடக்க முடியாதவர்களுக்கு மிதிவண்டி ரிக்‌ஷாவும் 'கலேசா' என்ற குதிரை வண்டியும் கிடைக்கும். ஏறுவதற்கு முன்பே, ஆளுக்கா வண்டிக்கா, அரைமணிக்கா ஒரு மணிக்கா என்று தெளிவாகப் பேசி முடித்துவிடுங்கள். கோட்டைக்குள் நுழையச் சிறு கட்டணம் உண்டு. மாணவர்களுக்கும் முதியோருக்கும் சலுகை தருகிறார்கள், அடையாள அட்டையைக் கையில் வைத்திருங்கள்.

முதியவர்களையும் குழந்தைகளையும் அழைத்துப் போகலாமா?

தாராளமாக. வெளிமுற்றமும் உள்முற்றமும் சமதரை. கொத்தளத்தின் மேல் ஏறும் படிகளும் மதில் விளிம்பும்தான் கவனம் தேவைப்படும் இடங்கள். பல இடங்களில் கைப்பிடிச் சுவர் தாழ்வாக இருக்கும். மழை பெய்திருந்தால் பாசி படிந்த கல் வழுக்கும், ஆகவே பிடிப்புள்ள செருப்பு அல்லது காலணி அணிந்து வாருங்கள்.

கோட்டையைப் பார்த்தபின் அருகில் வேறு எங்கே போகலாம்?

மணிலாப் பேராலயம் நடக்கும் தொலைவில் இருக்கிறது. அங்கிருந்து சான் அகுஸ்தீன் தேவாலயத்துக்குப் போகலாம். 1607இல் கட்டி முடிக்கப்பட்ட அது, 1993 முதல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் உள்ளது. லெகாஸ்பியின் கல்லறை அதற்குள்தான் இருக்கிறது. ஆனால் நேரம் ஒன்றுக்கு மட்டும்தான் இருக்கிறது என்றால், நான் சொல்வது ரிசால் பூங்கா. வெண்கலக் காலடிகள் சென்ற திசையிலேயே மதில்நகரைக் கடந்து தெற்கே நடந்தால், அரைமணி நேரத்துக்குள் அவர் வீழ்ந்த திடலை அடைந்துவிடலாம். பகும்பாயன் என்று அன்று பெயர் பெற்றிருந்த இடம் அதுதான். நினைவுச்சின்னத்தின் இருபுறமும் காவல் வீரர்கள் அசையாமல் நிற்பார்கள்.